வேறு விசேஷம் ஒன்றுமில்லை: அயலூரில் கழிந்த நாட்களை வாசிப்பது குறித்து

1

எங்கள் வீட்டுக்கு வந்த கடிதங்கள் எல்லாம் ஒரே வாக்கியத்தில்தான் முடியும்: வேறு விசேஷம் ஒன்றுமில்லை. 1992 முதல் 2003 வரை அப்பா சவூதி அரேபியாவில், தம்மாமுக்குப் பக்கத்தில், கட்டிட வேலையில் கம்பி கட்டுகிறவராக இருந்தார். நடுவில் நாலு தடவை லீவில் வந்துபோனார். அந்த மாதங்களைக் கழித்தாலும் மூவாயிரத்து ஐந்நூறு நாட்களுக்கு மேல் அவர் அங்கே தூங்கி எழுந்திருக்கிறார். கடிதத்தில் பணம் அனுப்பிய விவரம் இருக்கும். சம்பளம் தள்ளிப்போன விவரம் இருக்கும். ஊருக்குக் கிளம்புகிற ஆளிடம் கொடுத்துவிட்ட சாமான்களின் பட்டியல், எங்கள் படிப்பு, பாட்டியின் மருந்து எல்லாம் இருக்கும். அப்புறம் அந்த வாக்கியம். மூவாயிரத்து ஐந்நூறு நாட்களைப் பற்றி எங்களிடம் மிஞ்சியிருக்கிற பிரதி இந்த ஒற்றை வரிதான்.

கரிசக்காட்டில் விசேஷம் என்ற சொல்லுக்கு அர்த்தம் கொஞ்சம் கூடுதல். கல்யாணம், காதுகுத்து, சடங்கு எல்லாம் விசேஷம். புதுசாகக் கல்யாணமான பெண்ணிடம் 'என்ன, விசேஷம் உண்டா?' என்று கேட்டால் அதற்கு அர்த்தம் வேறு. ஆக, ஊருக்குச் சொல்லவேண்டிய ஒன்று நடந்தால் அது விசேஷம். மற்றதெல்லாம் நடந்த கணக்கில் வராது. அப்பா பொய் சொல்லவில்லை. சொல்லத்தக்கது, சொல்லத்தகாதது என்று ஊர் போட்டுவைத்திருந்த கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு எழுதினார், அவ்வளவுதான்.

நான் எம்.ஏ. தமிழ் படித்தவன். பொருள்வயிற் பிரிவு பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். தலைவன் கிளம்புவதற்கு முன்னால் தயங்குவான், அதற்குப் பாட்டு உண்டு. பாலை வழியில் போவான், அதற்கும் உண்டு. வீட்டில் ஒருத்தி சுவரில் கோடு போட்டு நாள் எண்ணிக்கொண்டிருப்பாள், உண்டு. கார்காலத்தில் தேர் திரும்பி வரும், உண்டு. ஆனால் பொருள் தேடப் போனவன் போய்ச்சேர்ந்த இடத்தில் காலையில் எழுந்து என்ன செய்தான்? மரபு அந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. போர்மேல் போனவன் நிலைமை இதைவிடத் தேவலை. நெடுநல்வாடையில் வாடைக்காற்று அடிக்கிற பாசறை இரவில் தூக்கம் வராமல், காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டு நடக்கிற அரசனை நாம் கண்ணால் பார்க்கிறோம். சம்பாதிக்கப் போனவனுக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. பிரிவு உண்டு, வழி உண்டு, வரவு உண்டு; இருப்பு இல்லை. இரண்டாயிரம் வருஷத்து இந்த இடைவெளியில்தான் அப்பாவின் கடிதமும் உட்கார்ந்திருக்கிறது.

2

இந்த இடைவெளி எழுதத் தெரியாதவர்களின் பிரச்சினை இல்லை என்பதற்கு எங்கள் மண்ணிலேயே ஒரு சாட்சி இருக்கிறார்: கு. அழகிரிசாமி. கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி போகிற சாலையில் இருக்கிறது இடைசெவல். அங்கே 1923இல் பிறந்தார். அதே ஊரில் அதே வருஷம் பிறந்தவர் கி. ராஜநாராயணன். அழகிரிசாமி 1950களில் கோலாலம்பூருக்குப் போய்த் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் ஆசிரியர் பொறுப்பில் வேலை பார்த்தார். அங்கேதான் அவருக்குக் கல்யாணம் நடந்தது. புதிதாக எழுத வந்த மலாயாத் தமிழ் இளைஞர்களோடு உட்கார்ந்து இலக்கியம் பேசினார். அந்த நாடு சுதந்திரம் வாங்கிய அதே 1957இல் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார். 1970இல், ஐம்பது வயதைத் தொடாமலே செத்துப்போனார்.

தமிழ்ச் சிறுகதையில் 'ஒன்றும் நடக்காத' கதையை எழுதிக்காட்டியவர் யார் என்றால் நான் தயங்காமல் அழகிரிசாமி என்பேன். 'ராஜா வந்திருக்கிறார்' கதையில் ஒரு ஏழைத் தாய், தெருவில் வந்த சிரங்குப் பையனைக் குளிப்பாட்டிச் சோறு போடுகிறாள். 'அன்பளிப்பு' கதையில் ஒரு பையனுக்கு டைரி கிடைக்காமல் போகிறது. 'குமாரபுரம் ஸ்டேஷன்' இன்னும் ஒருபடி மேலே. பக்கத்தில் ஊரே இல்லாமல் காட்டுக்குள் நிற்கிற ஒரு ஸ்டேஷன், அங்கே ஒரு ராத்திரி, மறுநாள் கோவில்பட்டி வரைக்கும் ஒரு சின்ன ரயில் பயணம். பள்ளிக்கூடத்தில் சேரப்போகிற நாலு பையன்கள் வண்டியில் இருக்கிறார்கள். அவ்வளவுதான் கதை. பிரெஞ்சு எழுத்தாளர் ழார்ழ் பெரெக் 1973இல் ஒரு கட்டுரையில், தடம்புரளும்போதுதான் பத்திரிகைக்காரர்களுக்கு ரயில் என்று ஒன்று இருப்பதே தெரிகிறது என்கிற பொருளில் கேலி செய்தார். தடம்புரளாத ரயிலைப் பற்றி எங்களூர்க்காரர் அதற்கு முன்னாடியே எழுதி முடித்துவிட்டார்.

இப்போது கேள்வி. இப்படிப்பட்ட ஒரு ஆள் வருஷக்கணக்கில் அந்நிய நகரத்தில் வாழ்ந்தார். பஸ்ஸுக்குக் காத்து நின்றிருப்பார், மழைக்கு ஒதுங்கியிருப்பார், சீனர் கடையில் சில்லறை வாங்கியிருப்பார். ஆனால் அழகிரிசாமி என்றதும் நம் நினைவுக்கு வருகிற கதைகளை வரிசையாகச் சொல்லிப்பாருங்கள். ஒன்றுகூடக் கோலாலம்பூர்த் தெருவில் நடப்பதில்லை. கரிசலில் நடக்கும், சென்னையில் நடக்கும்.

'மலாயா அனுபவம் அவரைப் பாதிக்கவில்லை' என்று சுலபமாகத் தள்ளிவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. என் வாசிப்பு இது: சாதாரணம் என்பது ஒரு பொருளுக்குள் இருக்கிற குணம் அல்ல, இரண்டு பேருக்கு நடுவே இருக்கிற உடன்பாடு. ஐப்பசியில் எங்கள் பக்கம் 'கிழக்க கருத்திருக்கு' என்று ஒருத்தர் சொன்னால் போதும். கேட்கிறவர் மனசில் விதை, கடன், உழவு மாடு, போன வருஷம் பொய்த்துப்போன மழை எல்லாம் தானாக வந்து நிற்கும். இரண்டு சொல்லில் ஒரு பிரபஞ்சம். விளக்கம் வேண்டாம். அழகிரிசாமியின் கலையே இந்த உடன்பாட்டின்மேல் கட்டப்பட்டது. அவர் விளக்குவதே இல்லை.

தம்மாமிலிருந்து ஒருத்தர் 'இன்னைக்குக் காத்து' என்று எழுதினால் என்ன ஆகும்? அது எந்தக் காற்று, மணல் எப்படி வரும், வேலையை நிறுத்துவார்களா, நிறுத்தினால் கூலி உண்டா என்று பத்து வரி சேர்க்க வேண்டும். சேர்த்த மாத்திரத்தில் அது சாதாரணமாக இருப்பதை நிறுத்திவிடும். தகவல் ஆகிவிடும், இல்லாவிட்டால் பயணக்கட்டுரை ஆகிவிடும். விளக்கினால் அன்றாடம் செத்துப்போகிறது. விளக்காவிட்டால் வாசகன் வெளியே நிற்கிறான். அந்நிய தேசத்து அன்றாடத்தை எழுத வந்தவன் மாட்டிக்கொள்கிற கிட்டி இதுதான். அப்பா இதிலிருந்து தப்பிக்க 'வேறு விசேஷம் ஒன்றுமில்லை' என்று எழுதினார். அழகிரிசாமி குமாரபுரத்துக்குத் திரும்பிப்போனார்.

3

சரி, எழுதியவர்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். அவர்களை நாம் எப்படி வாசித்தோம் என்பதைத்தான் பார்க்கவேண்டியிருக்கிறது.

புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் கதை. முழுக்கச் சம்பவங்களால் ஆனது. அந்தக் காலத்துக்கு அது தேவையாக இருந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அதற்குப் பிறகு வந்த வெளிநாட்டுத் தமிழன் கதைகள் பலதும் அந்த அச்சிலேயே வார்க்கப்பட்டன: ஏமாந்துபோதல், சுரண்டப்படுதல், சாவு.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972) நாவலை யுத்த நாவல் என்கிறோம், சாகச நாவல் என்கிறோம். சிங்காரம் 1938இல் சுமத்ராவிலுள்ள மெடானுக்கு வேலைக்குப் போன ஆள். யுத்தத்தை அங்கிருந்தே பார்த்தவர். ஆனால் அந்த நாவலில் என்னைத் திரும்பத் திரும்ப இழுக்கிற பக்கங்கள் துப்பாக்கி வெடிக்கிற பக்கங்கள் இல்லை. வட்டிக்கடை அடுத்தாட்களின் நாள், குடித்துக்கொண்டே பேசுகிற வெட்டிப்பேச்சு, மெடான் தெருவில் நடக்கும்போதே மதுரைத் தெருக்கள் மனசுக்குள் வந்து மோதுகிற பக்கங்கள். அந்தப் பேச்சை 'கதைக்குச் சம்பந்தமில்லாத நீளம்' என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. அந்த நீளம்தான் அந்நிய தேசத்தில் தங்கியிருத்தல். அங்கே நேரம் அப்படித்தான் போகும்.

அ. முத்துலிங்கம் விஷயம் வேறு மாதிரி. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் வேலை பார்த்து, கனடாவில் குடியேறிய ஈழத்துக்காரர். அந்நிய நாட்டின் சின்னச் சின்னத் தருணங்களைத் தமிழில் இவ்வளவு எழுதியவர் வேறு யார்? நம் தோழர்கள் அவரிடம் போர் எங்கே, அரசியல் எங்கே என்று கேட்கிறார்கள். ரசிகர்களோ மென்மை, நகைச்சுவை என்று மெச்சிக்கொண்டு போகிறார்கள். என் குறை இரண்டு பக்கமும் இல்லாத இடத்தில் இருக்கிறது. அவருடைய கதையில் அன்றாடம் உள்ளே வருவதற்கு ஒரு அனுமதிச்சீட்டு தேவைப்படுகிறது. ஒன்று வினோதமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கடைசி வரியில் ஒரு திருப்பம் வேண்டும். வினோதமும் இல்லாமல் திருப்பமும் இல்லாமல் ஒரு செவ்வாய்க்கிழமை அங்கேயும் உள்ளே நுழைய முடியவில்லை.

விளக்கம் இல்லாமல் அந்நியர்களின் அன்றாடத்தை எழுதிய பிரதி எங்கள் கரிசலில் ஒன்று உண்டு. அதை நாம் அப்படி வாசித்ததே இல்லை. கி.ரா.வின் 'கோபல்ல கிராமம்' (1976) யாருடைய கதை? தெலுங்கு தேசத்திலிருந்து ஓடிவந்து, மொழி தெரியாத மண்ணில் காட்டைத் தீயிட்டு அழித்துக் குடியேறியவர்களின் கதை. பாட்டி சொல்கிற ஓட்டக் கதை முழுக்க விசேஷம்தான். துரத்தல், தப்பித்தல், ஆற்றைக் கடக்க மரம் வளைந்துகொடுக்கிற அற்புதம். ஆனால் வந்து இறங்கிய பிறகு நாவலின் குரல் மாறிவிடுகிறது. பட்டப்பேர்கள், ஒவ்வொருத்தர் கிறுக்கு, சாப்பாடு, வெள்ளாமை. கியார்க் சிம்மல் 1908இல் அந்நியனைப் பற்றி எழுதியபோது, வழிப்போக்கனையும் அந்நியனையும் பிரிப்பது தங்கிவிடுவதுதான் என்று வாதிட்டார். கோபல்லபுரத்துக்காரர்கள் தங்கிவிட்ட அந்நியர்கள். அவர்கள் எப்போது இந்த மண்ணுக்காரர்கள் ஆனார்கள்? பட்டா வாங்கிய அன்றைக்கு அல்ல. அவர்களுடைய கிறுக்குத்தனங்களுக்கு விளக்கம் தேவைப்படாமல் போன அன்றைக்கு. அதற்குச் சில தலைமுறைகள் பிடித்தன. வளைகுடாவுக்குப் போனவனுக்கு அந்தத் தலைமுறைகள் கிடைக்காது. அவனைத் தங்கவிடமாட்டார்கள். பதினோரு வருஷம் இருந்தாலும் ஒப்பந்தக் காலம் முடிந்தால் கிளம்ப வேண்டியவன்தான். தங்கியும் தங்காதவன். அவனுடைய அன்றாடத்துக்கு எந்த ஊரும் ஊர் இல்லை.

4

இந்த இடத்தில் செயல்பாட்டுத் தோழர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். 'பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வச்சிக்கிட்டிருக்கான், ஒரு ரூமில் பன்னெண்டு பேரு கெடக்கான், நீரு போயி அவன் டீ குடிச்ச அழகைப் பேசுறீரே?' என்று ஒரு கூட்டத்தில் என்னிடமே கேட்டார்கள். அன்றாடம் என்பது வயிறு நிறைந்தவனின் சொகுசு என்ற எண்ணம் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

நான் எதிர்க்கேள்வி கேட்கிறேன். ஒரு ரூமில் பன்னிரண்டு பேர் இருப்பது சம்பவமா, அன்றாடமா? குளிக்க வாளியோடு விடியற்காலை வரிசையில் நிற்பது சம்பவமா? அப்பா இருந்த காலத்தில் பாஸ்போர்ட் கபீலிடம் இருக்கும், கையில் அக்காமா மட்டும் இருக்கும். அது ஒருநாள் நடந்த அநியாயம் இல்லை. தினமும் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நடக்கிற பழக்கம். ஊருக்கு வந்த பிறகும் கடைத்தெருவில் போகும்போது அப்பாவின் கை சட்டைப்பைக்குப் போகும். இன்றைக்கும் போகிறது. அதிகாரம் குடியிருக்கிற இடம் அந்தக் கைதான்.

2024 ஜூன் 12 அதிகாலை, குவைத்தில் மங்காஃப் என்ற இடத்தில் ஒரு தொழிலாளர் குடியிருப்பு தீப்பிடித்தது. கிட்டத்தட்ட 200 பேர் இருந்த கட்டிடம். சுமார் 50 பேர் செத்தார்கள். அதில் 45 பேர் இந்தியர்கள், 7 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். இரண்டு நாள் கழித்து விமானப்படை விமானத்தில் உடல்கள் கொச்சிக்கு வந்தன. கோவில்பட்டிப் பக்கத்துக்கும் ஒரு பெட்டி வந்தது. எல்லாப் பத்திரிகையும் எழுதியது, நாமும் அறிக்கை விட்டோம். ஆனால் அந்தத் தீ எங்கே இருந்தது? மின்கசிவும், எரியக்கூடிய பொருளால் அறைகளுக்கு நடுவே போட்ட தடுப்புகளும்தான் பேசப்பட்டன. அந்தத் தடுப்பு அன்றைக்கு ராத்திரி முளைத்தது இல்லை. அதில் சட்டை மாட்டியிருப்பார்கள், காலண்டர் தொங்கவிட்டிருப்பார்கள், அதற்கு அந்தப் பக்கத்து ஆள் இருமினால் இந்தப் பக்கம் தூக்கம் கெட்டிருக்கும். அந்தத் தடுப்பைப் பற்றி ஒரு கதை, ஒரு கடிதம், ஒரு பத்தி நம் மொழியில் இருந்ததா? எரிந்த பிறகுதான் சுவர் நம் கண்ணுக்குத் தெரிந்தது. பெரெக் சொன்ன ரயில் மாதிரி.

ஆகவே சம்பவத்தை மட்டும் கேட்கிற இலக்கியக் கொள்கை முதலாளிக்கு வசதியானது என்கிறேன். ஒப்பந்தத் தாளில் அந்தத் தொழிலாளிக்கு நாட்கள் கிடையாது, வருஷங்கள்தான் உண்டு. அரசாங்கக் கணக்கில் அவன் அனுப்பிய பணம் உண்டு, அவன் கிடையாது. நாம் அவன் துயரத்தை மட்டும் கேட்டால், இந்த இரண்டு கணக்கிலும் விட்டுப்போனது நம் கணக்கிலும் விட்டுப்போகும். அடிபட்டவன், ஏமாந்தவன், பிணம் என்ற மூன்று வேஷத்தில் ஏதாவது ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தால்தான் நம் பத்திரிகையில் அவனுக்கு இடம். அவன் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு, தூக்கமும் வராமல் விழிப்பும் இல்லாமல் அடுக்குக் கட்டிலின் மேல்தட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தால் அவன் யாரோ.

5

இதையெல்லாம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

1997 வாக்கில், ஊருக்கு வந்த ஒருவர் கையில் அப்பா ஒரு கேசட் கொடுத்துவிட்டார். அறுபது நிமிஷக் கேசட். தீப்பெட்டி ஆபீஸிலிருந்து அம்மா வந்ததும், பாட்டி, பக்கத்து வீட்டு அத்தை எல்லோரும் டேப்ரெக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். முதல் பக்கம் முழுக்கக் கடிதம் மாதிரிதான். ஒவ்வொருத்தர் பேராகச் சொல்லி விசாரிப்பு. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரண்டாவது பக்கத்தில் கொஞ்ச நேரம் பேசிவிட்டு, 'வேற... வேற விசேஷம் ஒண்ணுமில்ல' என்றார். ஆனால் டேப்பை நிறுத்தவில்லை. மறந்துவிட்டாரோ, வேண்டுமென்றே விட்டாரோ தெரியாது. ஏ.சி.யின் இரைச்சல். யாரோ வெங்காயம் வெட்டுகிற சத்தம். வாளியில் தண்ணீர் விழுகிறது. ஒருத்தர் இந்தியிலோ உருதுவிலோ என்னமோ கேட்கிறார். அப்பா அதே பாஷையில் பதில் சொல்கிறார், சிரிக்கிறார். எங்க அப்பாவுக்கு வேறு பாஷை தெரியும் என்பதே எங்களுக்கு அதுவரைக்கும் தெரியாது. வேறு பாஷையில் சிரிப்பார் என்பதும் தெரியாது.

'டேப்பு சும்மா ஓடிருக்கு' என்றாள் அம்மா. 'ஒண்ணுஞ் சொல்லலியே' என்றாள் பாட்டி. ஒரு வாரம் கழித்து அந்தப் பக்கத்தில் நான் ரேடியோவிலிருந்து சினிமாப் பாட்டுப் பதிந்தேன். முதல் பக்கத்தைத் தொடவில்லை. அதில் விசேஷம் இருந்தது. அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. அதை இப்போது கேட்டால் அதில் இருப்பது நாங்கள்தான், அப்பா இல்லை. அவர் இருந்த பக்கத்தை நான் அழித்துவிட்டேன். அவர் விளக்காமல் எங்களுக்குக் காட்டிய ஒரே நாள் அது.

தமிழ் விமர்சனம் வெளிநாட்டு வாழ்க்கையின் இரண்டாவது பக்கத்தின்மேல் பாட்டுப் பதிந்துகொண்டே வந்திருக்கிறது. முற்போக்காளர்கள் ஒரு பாட்டு, கலைவாதிகள் இன்னொரு பாட்டு. கதைக்குச் சம்பந்தமில்லை என்று ஒதுக்குகிற பக்கங்களையும், அரசியல் இல்லை என்று தள்ளுகிற பக்கங்களையும் மறுபடி ஒருமுறை போட்டுக்கேட்க வேண்டும். எழுதுகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள்தான். குப்பூஸ் என்றால் என்ன, கபீல் என்றால் யார் என்று எங்களுக்கு விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். கி.ரா. எங்கள் ஊர்ச் சொற்களைத் தஞ்சாவூர்க்காரரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டா எழுதினார்? தெரியாத வாசகன் தெரியாமல் கொஞ்ச நேரம் உட்காரட்டும். அவனும் சற்று அந்நியனாக இருந்து பார்க்கட்டும். பழகிவிடும்.

போன மாசம் அப்பாவிடம் அந்தக் கேசட்டைப் பற்றிக் கேட்டேன். அழித்ததைச் சொல்லவில்லை. 'யாரோ உங்ககிட்ட என்னமோ கேட்டாங்க, நீங்க சிரிச்சீக. என்னப்பா கேட்டாங்க?' என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

'உப்பு கேட்டிருப்பான்' என்றார். 'தெனமும் கேப்பான்.'